ஞானக்குண்டும் மூன்றாவது மேசைக்காலும்

ஊரில் சிந்திப்பது என்னும் தொல்லை ஒழிந்து ஒன்றரை மாதமாயிற்று. இனி எவரும் மூளையைக் கசக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பழைய சினிமாக் கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றால் போதும்; மற்றதை ஞானக்குண்டு பார்த்துக்கொள்ளும்.

வரிசை என்றால் சாதாரண வரிசையன்று. கொட்டகை வாசலில் தொடங்கித் தபால் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ரொட்டிக்கடையை முழுதாக மறைத்து, பேருந்து நிறுத்தத்தில் போய் முடியும். பேருந்துக்காக நின்றவர்களில் சிலர் தெரியாமல் உள்ளே தள்ளப்பட்டு, எதிர்காலத்தை அறிந்துகொண்டு வெளியே வந்தனர். வீட்டை விற்கலாமா, வேலையை விடலாமா, சம்பந்தி வீட்டாரோடு பேசலாமா, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா? எல்லாக் கேள்விகளுக்கும் அங்கே இரண்டே விடைகள். ஒன்று "செய்". மற்றொன்று "விடு". படித்தவர்களும் வந்தார்கள். அவர்கள் மட்டும் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்தார்கள், வேறுபாடு அவ்வளவே.

மேடையில் ஒரு மூன்று கால் மேசை. அதன்மேல் கவிழ்த்து வைத்த பித்தளைக் கிண்ணம் போன்ற ஒரு மேடு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மேட்டின் உச்சிக்கு நேர்மேலே வளைந்த கம்பியில் ஒரு சிறிய பிடி. பிடிக்குள் ஓர் எஃகுக் குண்டு. பொத்தானை அமுக்கினால் பிடி திறக்கும். குண்டு உச்சியில் வந்து அமரும். ஒரு கணம் நிற்கும். கூட்டத்தின் மூச்சும் அதனுடன் நிற்கும். பிறகு குண்டு உருளும். வலப்பக்கம் பச்சைத் துணி விரித்த பள்ளத்தில் விழுந்தால் "செய்". இடப்பக்கம் சிவப்புத் துணியில் விழுந்தால் "விடு".

குண்டுக்கு உரியவரைக் குண்டையா என்றே எல்லாரும் அழைத்தனர். ஆள் என்னவோ குடைக்கம்பி போலத்தான் இருப்பார். வெள்ளை அங்கி, மெல்லிய குரல், எப்போதும் பாதி மூடிய கண்கள். முழுதும் திறந்தால் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடுமோ என்னவோ! அவருக்கு முன்னறிவிப்பாளராக ஒலிபெருக்கிக்காரர் ஒருவர்.

"ஒரு கேள்வி, ஒரே ஒரு தடவை! கேள்வியைத் தாளில எழுதி உள்ளங்கையில மூடிக்குங்க! ஐயாகிட்டச் சொல்லாதீங்க, ஐயாவும் கேக்கமாட்டார்! கேட்ட கேள்வியையே மறுபடி கேக்கறது ஞானத்துக்கு அவமரியாதை!"

நுழைவாயிலை ஒட்டி ஒரு "நன்றிச் சுவர்". தரை முதல் கூரை வரை கடிதங்கள். குண்டு சொன்னபடி செய்து வாழ்ந்தவர்கள் எழுதியவை. குண்டு சொன்னபடி செய்து கெட்டவர்களுக்கென்று சுவர் இல்லை. இடம் போதவில்லை போலும்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் இருந்தவர் தராசுக்காரர். ஐம்பது வயது. மருந்துக்கடை, நகைக்கடை, ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் நுண்ணிய தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வேறொருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தில் அவர் ஒரு தராசின் மனநோயைக் கண்டுபிடித்துவிடுவார். குண்டையாவின் புகழ் ஊரெங்கும் உருண்டபோது, 'நமக்கென்ன?' என்று அவர் சும்மாதான் இருந்தார்.

அந்தக் குண்டு ஒருநாள் அவர் வீட்டுக்குள்ளேயே உருண்டு வந்தது.

அவருடைய அக்காள் ஒரு தையற்கூடம் நடத்துபவர். ஆறு பெண்களுக்கு வேலை கொடுப்பவர். அளவெடுத்து வெட்டினால் நூலளவும் பிசகாது. அந்த அம்மையாருக்குப் பித்தப்பையில் கல். நினைத்தபோது வரும் வலி, வந்தால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். மருத்துவர் அறுவைக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார். அதை விட்டால் அடுத்த இடம் மூன்று மாதம் கழித்துத்தான். "வலி வந்து போகும்மா. கல் போகாது. அது குழாயில போய் அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து" என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

அதற்குப் பத்து நாள் முன்பு அக்காள் தம்பியின் பட்டறைக்கு வந்து முக்காலியில் அமர்ந்தார்.

"டேய் தம்பி, ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"குண்டைக் கேட்டு."

தராசுக்காரர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அக்கா, நீயா? ஒரு பொத்தானுக்கு நாலு கடை ஏறி இறங்குற ஆளு, உயிருக்கு ஒரு குண்டைப் போய்க் கேட்டியா?"

"கிண்டல் பண்ணாதே. 'விடு'ன்னு சிவப்புல விழுந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். அன்னையிலேர்ந்து ஆறு நாளாச்சு, ஒரு பொட்டு வலி இல்லை. இதுக்கு என்ன சொல்ற?"

"போன மாசமும்தான் எட்டு நாள் வலி இல்லாம இருந்தே. அப்போ எந்தக் குண்டு உருண்டுச்சு?"

"அது வேற."

எது வேறு என்று அக்காள் விளக்கவில்லை. நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவன் தம்பியாகவே இருந்தாலும் பகைவன்தானே? முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

'காந்தம்!' என்று தராசுக்காரர் தீர்மானித்தார். வேறென்ன? எஃகுக் குண்டு, பித்தளை மேடு. மேசைக்கு அடியில் ஒரு மின்காந்தம், ஐயாவின் கால்விரலில் ஒரு விசை. பொருளில் பழுது இருக்கும், பழுதைப் பிடித்தால் வேலை முடிந்தது. முப்பது ஆண்டுத் தொழில் அவருக்கு அப்படிச் சொல்லிற்று. மறுநாளே ரசமட்டம், காந்த ஊசி, கைவிளக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அக்காளையும் வற்புறுத்தி அழைத்துப் போனார்.

"சோதனை பண்ணலாமா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார்.

குண்டையா கண்களை முக்காலளவு திறந்தார். "தாராளமா வாங்க, தராசுக்காரரே. உண்மைக்கு ஏதுங்க பயம்?"

தராசுக்காரர் மேடையேறினார். மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். காந்த ஊசியை நாற்புறமும் நகர்த்தினார். அது வடக்கையே காட்டிக்கொண்டிருந்தது. நூல் இல்லை, கம்பி இல்லை, ஊதுகுழல் இல்லை. குண்டைத் தம் கைத்தராசில் நிறுத்தார். தேய்மானமில்லாத நல்ல பேரிங் குண்டு. மேசையின் மூன்று கால்களிலும் மட்டம் திருத்தும் திருகுகள் இருந்தன. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. தொழிலாளிக்கே உரிய வியப்பில் அவர் வாய்தவறிச் சொல்லியும்விட்டார்.

"இவ்வளவு சுத்தமா மட்டம் பண்ணின மேசையை நான் பார்த்ததே இல்லை."

ஒலிபெருக்கிக்காரர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியை அவர் மூக்கருகே நீட்டினார். "ஏதாச்சும் கோளாறு கண்டீங்களா? எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க!"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒண்ணும் இல்லை" என்றார்.

கைத்தட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. மறுநாள் காலை கொட்டகை வாசலில் ஒரு புதுத் துணிப் பதாகை தொங்கிற்று: "தராசு நிபுணரே சோதித்துச் சான்றளித்த ஞானக்குண்டு!" கீழே அவருடைய படம் வேறு. வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிற்று. ஏமாற்றைப் பிடிக்கப் போனவர் அதற்கு விளம்பரதாரராகித் திரும்பினார்.

அக்காள் மட்டும் பெருந்தன்மையாகச் சொன்னார்: "விடுடா. உனக்கும் நாள் ஆக ஆகப் புரியும்."

அடுத்த மூன்று நாள் தராசுக்காரர் பட்டறையை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. நான்காம் நாள் மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இதைக் கட்டி அழ முடியலை. ஒரே பொடியை ஒவ்வொரு தடவை வெச்சாலும் ஒவ்வொண்ணு காட்டுது. தெருவுல பஸ் போனா ஒண்ணு, நான் தும்மினா ஒண்ணு."

"எத்தனை தடவை நிறுத்தீங்க?"

"ரெண்டே தடவைதான். ரெண்டாவது தடவை வேற மாதிரிக் காட்டினதும் தூக்கிட்டு வந்துட்டேன்."

தராசுக்காரர் பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய மறுமொழியைப் பழக்கத்தால் சொன்னார்: "நுண்ணிய தராசு நடுங்கத்தான் செய்யும். ஒரு தடவை நிறுத்தா அது நிறுவையே இல்லை. ஒரே பொருளைப் பத்துத் தடவை நிறுத்துப் பாருங்க. அது பொருளைச் சொல்லுதா, பஸ்ஸைச் சொல்லுதான்னு தெரிஞ்சுபோகும்."

சொல்லி முடித்தவர் வாயை மூடவில்லை.

"என்ன அண்ணே? பல்லு வலியா?"

"இல்லைய்யா. அன்னைக்கு நான் குண்டையாவோட தராசைத்தான் சோதிச்சேன்! நிறுவையைச் சோதிக்கவே இல்லை!"

அவருக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. குண்டில் ஏமாற்று இல்லை. ஏமாற்று இல்லாததுதான் ஏமாற்று! பள்ளத்தில் கிடக்கும் குண்டை எவ்வளவு ஆட்டினாலும் அது பழைய இடத்துக்கே வந்து சேரும். உச்சியில் நிற்கும் குண்டின் நிலைமை வேறு. அங்கே சிறியது சிறியதாக இருப்பதில்லை. முன்வரிசைக்காரரின் இருமல், கதவிடுக்குக் காற்று, தெருவில் போகும் லாரியின் அதிர்வு, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு ஆகியவற்றுள் எது அந்தக் கணத்தில் மயிரிழை முந்துகிறதோ, அது குண்டை மயிரிழை நகர்த்தும்; நகர்ந்த குண்டைச் சரிவு இன்னும் நகர்த்தும்; மயிரிழை ஒரு முழமாகிவிடும். மேலே தூசு தும்மினால் கீழே ஒருவர் வீட்டை விற்கிறார். அக்காளுடைய உயிரைப் பற்றி அன்று தீர்ப்புச் சொன்னது ஒரு லாரியாகவும் இருக்கலாம்.

ஒரே கேள்வியை மறுபடி கேட்கக்கூடாது என்ற விதி ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அன்று மாலையே தையற்கூடத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

"அக்கா, நான் உன்னை ஆபரேஷனுக்குக் கூப்பிட வரலை. ஒரு பந்தயத்துக்குக் கூப்பிட வந்திருக்கேன். உன் கேள்வியைப் பன்னிரண்டு பேர் கேக்கட்டும். ஆளுக்கு ஒரு தடவைதான், விதியை மீறலை. ஞானம் உள்ள குண்டா இருந்தா பன்னிரண்டு தடவையும் 'விடு'ன்னுதானே சொல்லணும்?"

"சொல்லத்தான் சொல்லும்."

"சொல்லிட்டா நான் இந்த ஜென்மத்துல ஆபரேஷன்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்."

அக்காள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். "நீ எழுதினா வேற ஏதாச்சும் எழுதிடுவே. தாளைக் கொடு, நானே எழுதறேன்."

பன்னிரண்டு தாள்களிலும் தம் கையாலேயே எழுதினார்: 'தையற்கூடத்து அம்மாளுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்யலாமா?' ஆறு தையற்பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டனர். மீதி ஆறும் பட்டறைத் தெருவுக்குப் போயின: மருந்துக்கடைக்காரர், சாவிக்காரர், முடிதிருத்துபவர், இப்படி.

மறுநாள் பன்னிருவரும் வரிசையில் அடுத்தடுத்து நின்றனர். அக்காளும் தம்பியும் முன்வரிசையில் அமர்ந்தனர். அக்காள் மடியில் ஒரு சாக்குக்கட்டி, கறுப்புத் துணித் துண்டு. துணியில் கோடு போட்டு எண்ணுவது அவர் வழக்கம்.

முதல் தையற்பெண் தாளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றாள். பிடி திறந்தது. குண்டு நின்றது, உருண்டது. சிவப்பு.

"விடு!" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

இரண்டாமவள். சிவப்பு. "விடு!"

மருந்துக்கடைக்காரர். சிவப்பு.

அக்காள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று கருதினார் போலும்.

நான்காவதும் சிவப்பு. தராசுக்காரருக்குக் கழுத்தில் வியர்த்தது. நாணயத்தைச் சுண்டினாலும் நான்கு தலை தொடர்ந்து விழுவதுண்டு என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? வியர்வைக்கு அது தெரியவில்லையே! ஐந்தாவது ஆளாகச் சாவிக்காரர் ஏறினார். குண்டு பச்சைப் பக்கம் சாய்வது போலப் பாவனை காட்டிற்று. பிறகு சிவப்பில் போய் விழுந்தது.

"விடு!"

"இப்போ என்னடா சொல்றே?" என்று அக்காள் மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் வெற்றி இருந்ததைவிட வருத்தமே மிகுந்திருந்தது. தம்பி தோற்பதில் எந்த அக்காளுக்கு மகிழ்ச்சி? "உன்னைப் பார்த்தாப் பாவமா இருக்கு. எழுந்திரு, போகலாம்."

"பன்னிரண்டுன்னு பேசினோம். இரு."

'குண்டே, உனக்கு ஞானம் இல்லை என்பதை நீயாவது நிரூபி' என்று அவர் உள்ளத்துக்குள் மன்றாடினார். பகுத்தறிவாளர் ஒருவர் ஒரு குண்டிடம் மன்றாடிய ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறாவது ஆள். பிடி திறந்தது. குண்டு நின்றது. உருண்டது.

பச்சை.

"செய்!" என்றார் ஒலிபெருக்கிக்காரர், எதுவும் அறியாமல்.

அக்காளின் கை சாக்குக்கட்டியோடு அந்தரத்தில் நின்றது. ஏழாவது: செய். எட்டாவது: விடு. ஒன்பது, பத்து: செய், செய். பதினொன்று: விடு. பன்னிரண்டு: செய். அக்காள் கோடுகளை ஒருமுறை எண்ணினார். மறுமுறை எண்ணினார். எழுந்து நேராக மேடையேறிவிட்டார். தம்பி பின்னால் ஓடினார்.

"எல்லாரும் அவங்கவங்க தாளைப் பிரிச்சுக் காட்டுங்க!" என்றார் அக்காள்.

பன்னிரண்டு தாள்கள் விரிந்தன. ஒரே கையெழுத்து, ஒரே கேள்வி. அக்காள் ஒலிவாங்கியைப் பறித்து உரக்கப் படித்தார்.

"ஒரே கேள்வி. ஏழு தடவை விடு, அஞ்சு தடவை செய். இதுல எதுங்க ஞானம்?"

கூட்டத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரர் எழுந்தார். "அதான் ஏழு வந்துடுச்சேம்மா! விடுதானே ஜெயிச்சுது?"

"உட்காருங்க சார்! இது என்ன ஓட்டுப் பெட்டியா? தெரிஞ்ச ஆளு ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சொல்லமாட்டான். தெரியாத ஆளுதான் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான்."

குண்டையாவின் கண்கள் முதன்முறையாக முழுதும் திறந்தன. "தாயே, தப்புப் பண்ணிட்டீங்க. ஒரே கேள்வியைப் பலபேர் கேட்டதால குண்டு குழம்பிடுச்சு. முதல் பதில்தான் உண்மை."

"குழம்புற குண்டுகிட்டயா என் உசிரை அடமானம் வைக்கச் சொன்னீங்க?"

"மேசைக்கு என்ன குழப்பம்னு நான் பார்க்கட்டுமா?" என்றார் தராசுக்காரர். அக்காள் கையிலிருந்த தாளொன்றை வாங்கி எட்டாக மடித்தார். மேசைக்கு வலப்பக்கம் இரண்டு கால்கள். இடப்பக்கம் ஒரே கால். அந்த மூன்றாவது காலுக்கு அடியில் மடிப்பைச் செருகினார். "இப்போ விடுங்க குண்டை."

குண்டையா பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அக்காளே பொத்தானை அமுக்கினார்.

பச்சை. மறுபடி அமுக்கினார். பச்சை. பச்சை. பச்சை. பத்து முறையும் பச்சை.

"ஐயாமாரே, அம்மாமாரே!" என்றார் தராசுக்காரர். "குண்டுக்குத் தெளிவு வந்துடுச்சு! எதைக் கேட்டாலும் இனிமே 'செய்'தான். 'விடு' வேணுங்கறவங்க சொல்லுங்க, தாளை எடுத்து அந்தப் பக்கம் வைக்கறேன். அன்னைக்கு இந்த மேசையை மட்டம்னு நான் பாராட்டினேனே, அதுக்கு என்னைச் செருப்பால அடிச்சுக்கணும். ஐயா மேசைக்காலுக்குத் திருகு வெச்சு இவ்வளவு நுணுக்கமா மட்டம் பண்ணினது ஏன்? மேசை சாஞ்சா ஞானமும் சாஞ்சுடும். இவருக்கு முதல்லயே தெரியும்!"

முதலில் ஒரு தையற்பெண் சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய், பேருந்து நிறுத்தம் வரை சென்று திரும்பிற்று. வீட்டை விற்றவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளை அங்கியைக் குறிவைத்து மேடையை நோக்கி நடந்தார். அங்கிக்குள் இருந்தவர் பின்வாசலை நோக்கி நடந்தார். போகும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் குண்டைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறுவை நடந்தது. முந்தினநாள் அக்காள் மருத்துவரிடம் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டாராம்: எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் நலம், எத்தனை பேருக்குக் கெட்டது, ஏன்? நான்குக்கும் விடை ஒன்றோடொன்று பொருந்திற்றாம்.

"கெட்டதையும் மறைக்காமச் சொன்னாருடா. அதனாலதான் படுத்தேன். அந்தச் சுவத்துல ஒரு கடுதாசியாவது 'நாசமாப் போனேன்'னு இருந்திருந்தா, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்... இல்லைடா, அப்படி ஒண்ணுகூட இல்லாததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்திருக்கணும்!" என்று படுக்கையில் கிடந்தபடி சொன்னார். பயறளவுக் கல் ஒன்று இப்போது ஒரு சீசாவில், தையல் இயந்திரத்தின் அருகே இருக்கிறது.

இத்துடன் கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை தராசுக்காரர் பட்டறையைத் திறந்தபோது வாசலில் ஒரு சிறிய வரிசை நின்றது. முன்னால் நின்றவர் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர்.

"சார், அந்த மடிச்ச தாளு இருக்கா?"

"எதுக்கு?"

"பத்துத் தடவையும் பச்சைன்னா அதுல என்னமோ இருக்கு சார். ஒரு துணுக்குக் கிழிச்சுக் கொடுத்தீங்கன்னா, என் ஆபீஸ் மேசைக்கு அடியில வெச்சுக்குவேன்."

தராசுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து, மிகுந்த மரியாதையுடன் அவருடைய தலையின்மேல் வைத்தார்.

"ஆடாம நில்லுங்க சார். மேசையெல்லாம் சரியாத்தான் இருக்கு. மட்டம் பார்க்க வேண்டிய இடம் இதுதான்!"